பருப்புக்கீரையில் ஒரு வரியன்

ஜனவரி 11

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

இந்த முதல் வரியை எழுதிவிட்டுப் பேனாவை மூடி வைத்தேன். எழுந்து போய் ஒரு பேண்ட்டுக்கு ஜிப் மாற்றினேன். திரும்பி வந்து பார்த்தபோதும் வேறு வார்த்தை கிடைக்கவில்லை. போன வாரத்தோடு என் மகனும் உங்கள் மகளும் சட்டப்படி யாரோ எவரோ ஆகிவிட்டார்கள். அப்படியென்றால் நாம் மட்டும் எப்படிச் சம்பந்தி? ஆனாலும் இத்தனை நாள் கூப்பிட்ட பெயர், சட்டென்று போக மறுக்கிறது. பிடிக்காவிட்டால் அடித்துவிட்டு மேலே படியுங்கள்.

அதைப்பற்றி ஒரே ஒரு தடவை சொல்லி முடித்துவிடுகிறேன். யார் மேலும் பிழை இல்லை. இருவருக்கும் ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். என் மகனை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், உங்கள் பெண்ணை நீங்கள் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. அதை ஓர் ஓரமாக வைத்துவிட்டு நாம் பூச்சியைப் பார்ப்போம். "போன்ல பேசினா குடும்பம் உள்ள வந்துடும், லெட்டர்ல பூச்சி மட்டும்தான் வரும்" என்று சொன்னதே நீங்கள்தானே.

நேற்று துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது நம் முதல் சந்திப்பு நினைவுக்கு வந்து தனியாகச் சிரித்தேன். இரு வீட்டாரும் கல்யாணம் பேச உட்கார்ந்த அந்த ஓட்டல் அறை. ஜன்னல் கண்ணாடியில் ஆரஞ்சு நிற வண்ணத்துப்பூச்சி ஒன்று வந்து உட்கார்ந்தது. "வெந்தய வரியன்" என்று நான் எனக்குள்தான் சொல்லிக்கொண்டேன். எதிர்வரிசையில் இருந்த நீங்கள் பளிச்சென்று "தப்பு" என்றீர்கள். நீங்கள் என்னிடம் பேசிய முதல் சொல் அது. என் மகன் அப்போதுதான் தேதியைச் சொல்லி முடித்திருந்தான், பாவம், முகம் வெளுத்துவிட்டது. நீங்களோ மேஜையைச் சுற்றிவந்து என் கையைப் பிடித்து ஜன்னலுக்கு இழுத்துப் போனீர்கள். "பின் இறக்கையைப் பாருங்க. ஒத்தைப் புள்ளி. ஓரம் நெளிநெளியா இருக்கு. வெந்தய வரியனுக்கு மூணு நாலு புள்ளி, ஓரம் வழவழன்னு இருக்கும். இது வேஷக்காரி." எருக்கு தின்று வளர்ந்த வெந்தய வரியன் கசக்கும், பறவை தொடாது. கசக்காத இவள் பிழைப்பதற்காக அதே சேலையைக் கட்டிக்கொண்டு திரிகிறாள் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. துணி ஓரம் பார்த்தே வயிறு வளர்க்கும் நான், இறக்கை ஓரத்தைக் கோட்டைவிட்டது இன்றைக்கும் ஆறவில்லை. தேநீர் ஆறிப்போய், பிள்ளைகள் தங்கள் கல்யாணத்தைத் தாங்களே பேசி முடித்துக்கொண்டார்கள்.

சரி, வேலைக்கு வருவோம். இயற்கைச் சங்கத்துச் செயலாளர் கடைக்கு வந்தார். ஆற்றிலிருந்து மலையடிவாரம் வரையுள்ள நம் வட்டாரத்து வண்ணத்துப்பூச்சிகளுக்கு நாம் இருவரும் தயாரிக்கும் கையேடு ஏப்ரலில் அச்சுக்குப் போகிறது. நம் விதியில் மாற்றமில்லை. ஒருத்தி பார்த்து வரைய வேண்டும், மற்றவள் ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும். இரண்டும் இல்லாதது உள்ளே போகாது.

மூன்று படங்கள் வைத்திருக்கிறேன். மூன்றாவது ஒரு நீலன். பட்டாணி நீலன் என்று எழுதியிருக்கிறேன், ஆனால் பறந்து பறந்து இறக்கை தேய்ந்த கிழம் அது. அதில் என்னைக் கிழித்துத் தோரணம் கட்டப்போகிறீர்கள் என்று தெரியும். காத்திருக்கிறேன்.

என்றும் அன்புடன்,
தையற்காரி


ஜனவரி 25

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

உங்கள் கடிதமும் படங்களும் கிடைத்தன. மகிழ்ச்சி.

மூன்று படங்களும் சரி. கையெழுத்திட்டு இத்துடன் திருப்பியிருக்கிறேன்.

நீங்கள் எழுதியது போல யார் மேலும் பிழை இல்லை என்பதும் சரிதான்.

லாரி எடைமேடையில் வேலை அதிகம். மலைப்பக்கம் புதிதாகச் சாலை போடுகிறார்கள், ஜல்லி லாரிகள் வரிசையில் நிற்கின்றன. மகள் இங்கேதான் இருக்கிறாள். வீட்டுக்காரர் நலம்.

உங்கள் உடல்நலத்தைப் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
எடைமேடைக்காரி


பிப்ரவரி 6

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

(அடித்துவிட்டதாக நீங்கள் எழுதவில்லை, அதனால் அப்படியே வைத்துக்கொள்கிறேன்.)

உங்களுக்குக் காய்ச்சல் கீய்ச்சல் ஏதாவதா? மூன்றும் சரி என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு நீங்கள் வரிசையாக மூன்றுக்குச் சரி சொன்ன சரித்திரமே கிடையாது. அந்தக் கிழட்டு நீலனுக்குக் கீழ்ப்பக்கம் வெள்ளைப் பட்டையே தெரியவில்லை. "பட்டை எங்கேம்மா, உங்க கத்தரிக்கோல் வெட்டிடுச்சா?" என்று கேட்டு ஒரு பக்கம் எழுதுவீர்கள் என்று நினைத்தேன். மேல்பக்கம் பார்த்துப் பெயர் சொல்லாதே, இறக்கையை மூடும்வரை காத்திரு என்று எத்தனை தடவை என்னை வெயிலில் நிற்கவைத்திருப்பீர்கள்! பேருந்து போய்விட்டது, பசி, கால் கடுக்கிறது, எதற்கும் இரக்கம் காட்டாத பெண்மணிக்கு இப்போது எல்லாமே சரியாகிவிட்டதா?

லாரி விவகாரம் நினைவிருக்கிறதா? உங்கள் எடைமேடைக்கு வரும் லாரிகளின் முகப்பு வலையில் ஒட்டிக்கொண்டு வரும் பூச்சிகளை நீங்கள் பதிவு செய்ய நினைத்தீர்கள். எங்கோ மோதி இங்கே வந்து சேர்ந்ததை நம் வட்டாரம் என்று எப்படிச் சொல்வது என்று நான் கேட்டேன். இரண்டு மாதம் கடிதத்தில் அடித்துக்கொண்டோம். கடைசியில் டிரைவர்களை எல்லாம் நிறுத்தி, எந்த வழியாக வந்தாய், எந்த வளைவில் பூச்சி பட்டது என்று நீங்கள் விசாரிக்க, "அந்தம்மாகிட்ட எடைய விட பூச்சிக்குத்தான் கணக்கு சொல்லணும்" என்று அவர்கள் புலம்பியதாக எழுதினீர்கள். அந்தக் கடிதத்தைப் படித்து நான் சிரித்த சிரிப்பில், அளவு கொடுக்க வந்த பெண் பயந்துபோனாள்.

என் மகன் சாப்பிட்டானா தூங்கினானா என்று நான் எழுத மாட்டேன். ஆனால் வீடு அமைதியாக இருக்கிறது. அவன் தன் சட்டைக்குத் தானே பொத்தான் தைத்துக்கொள்கிறான், கோணலாக. நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கிறேன்.

இத்துடன் ஒரு படம். கடைக்குப் பின்னால் குழாயடியில் பருப்புக்கீரை தரையோடு படர்ந்திருக்கிறதே, அங்கே பார்த்தேன். தாழப் பறந்துவந்து கீரை இலைக்கு அடியில் முட்டை வைத்துவிட்டுப் போனது. துணி வெட்ட அளவு வரையும் காகிதத்தில் நிதானமாக, உள்ளது உள்ளபடி வரைந்திருக்கிறேன். வெந்தய வரியன், பெண் என்று எழுதியிருக்கிறேன்.

பார்த்துச் சொல்லுங்கள். தயவுசெய்து பார்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
தையற்காரி


பிப்ரவரி 20

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

வெந்தய வரியன், பெண். சரி. படத்தில் கையெழுத்திட்டிருக்கிறேன்.

நீங்கள் கேட்டதால் எழுதுகிறேன். எனக்குக் காய்ச்சல் இல்லை. உங்கள் உறை வந்த அன்று என் மகள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டாள். "நீ அவங்களுக்கு எழுதுறது எனக்குக் கஷ்டமா இருக்கும்மா" என்று மட்டும் சொன்னாள். அவள் சத்தம் போட்டிருந்தால் நானும் சத்தம் போட்டிருப்பேன். மெதுவாகச் சொன்னாள்.

உங்கள் கையெழுத்தைப் பார்த்தாலே அவளுக்கு அந்த வீடு நினைவுக்கு வருகிறது போலிருக்கிறது. எனக்கோ பூச்சிதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் அவள் என் மகள். நான் யார் பக்கம் நிற்க வேண்டும் என்பதில் உங்களுக்கும் சந்தேகம் இருக்காது.

கையேடு முடியும்வரை நீங்கள் அனுப்பும் படங்களுக்கு ஒப்புதல் அனுப்பிவைக்கிறேன். அதன்பிறகு நிறுத்திக்கொள்வது இருவருக்கும் நல்லது என்று தோன்றுகிறது. தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்களைப் போல என்னோடு வெயிலில் நின்றவர்கள் யாரும் இல்லை. அதைச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை.

இப்படிக்கு,
எடைமேடைக்காரி


மார்ச் 8

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதத்தைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. உங்கள் மகள் கஷ்டப்படுவது நியாயம். அவளுக்கு எதிராக ஒரு வார்த்தை நான் எழுத மாட்டேன். நம் கடிதம் அந்தப் பெண்ணின் சாப்பாட்டைக் கெடுக்கிறது என்றால் கடிதம்தான் நிற்க வேண்டும்.

ஆனால் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. நீங்கள் எழுதுவதை நிறுத்தினால் வருத்தப்படுவேன், பிறகு பழகிக்கொள்வேன். எழுதிக்கொண்டே இப்படிச் சரி சரி என்று தலையாட்டினால் அதைத்தான் தாங்க முடியவில்லை. கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் என்னிடம் சரி சொல்கிறார்கள். அக்கம்பக்கத்தில், சங்கத்தில், வீட்டில் மகன்கூட, "சரிம்மா" என்பதற்கு மேல் வாயைத் திறப்பதில்லை. மகன் வாழ்க்கை இப்படி ஆகிப்போன ஒரு தாயிடம் யாரும் மறுத்துப் பேசுவதில்லை, பாவம் பார்க்கிறார்கள். நான் சொல்வது தப்பு என்று என் முகத்துக்கு நேராகச் சொல்ல இந்த உலகத்தில் ஒரே ஓர் ஆள் இருந்தார். அவரும் இப்போது மரியாதை கொடுக்க ஆரம்பித்துவிட்டார்.

பருப்புக்கீரையில் வந்த வரியனின் படத்தை உங்களுக்கே திரும்ப அனுப்புகிறேன். இதில் உங்கள் கையெழுத்து இருக்கிறது, உங்கள் கண் இல்லை. மாத முடிவில் செயலாளர் படக்கட்டை வாங்கிப் போக வருவார். நீங்கள் இதை இப்படியே விட்டால் நான் இதை அச்சுக்குக் கொடுக்க மாட்டேன். மற்றவற்றை உங்கள் பெயரில் கொடுத்துவிட்டு நான் விலகிக்கொள்கிறேன். கோபத்தில் சொல்லவில்லை. இந்த வேலையை நான் தனியாகச் செய்ய ஆசைப்பட்டதே இல்லை.

முடிந்தால் ஒருமுறை இறக்கையைப் பாருங்கள். முடியாவிட்டால் பதில் வேண்டாம், நான் புரிந்துகொள்வேன்.

தையற்காரி


மார்ச் 24

தப்பு.

விளிப்பு, நலம் விசாரிப்பு எல்லாம் பிறகு வருகிறது. முதலில் இது. நீங்கள் வரைந்திருப்பது வெந்தய வரியன் இல்லை. பின் இறக்கையில் ஒற்றைப் புள்ளி. ஓரம் நெளி நெளியாக இருக்கிறது. போதாததற்கு எருக்கஞ்செடியில் முட்டை வைக்க வேண்டியவள் பருப்புக்கீரையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். வேஷக்காரி. ஓட்டல் ஜன்னலில் வந்தவளின் அதே இனம். இதை வெந்தய வரியன் என்று எழுதி அனுப்பியது நீங்கள், சரி என்று கையெழுத்துப் போட்டது நான். நம் இருவரையும் அந்த லாரி எடைமேடையில் ஏற்றி நிறுத்தி உலகத்துக்குக் காட்ட வேண்டும்.

கண்டுபிடித்தது நான் என்று சொல்லிக்கொள்ள ஆசை. ஆனால் உங்களிடம் பொய் சொன்னால் தூக்கம் வராது.

உங்கள் உறை வந்ததும் படிக்கத் தைரியம் இல்லாமல் மேஜையில் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். சாயங்காலம் திரும்பினால் உறை திறந்திருக்கிறது. கடிதத்தைத் தொடாமல் மடித்தபடி ஓரமாக வைத்துவிட்டு, படத்தை விரித்து வைத்துக்கொண்டு, என் பூதக்கண்ணாடியோடு என் மகள் உட்கார்ந்திருக்கிறாள்.

"ஒத்தைப் புள்ளிம்மா" என்றாள்.

"என்னது?"

"பின் இறக்கையில ஒரு புள்ளிதான் இருக்கு. இது எப்படி வெந்தய வரியன்?"

"அதெல்லாம் முடிஞ்சுது. கையெழுத்துப் போட்டாச்சு."

"போட்டே. பாத்தியா?"

படத்தை மடிக்கக் கை நீட்டினேன். அவள் விடவில்லை, என் வயிற்றில் பிறந்தவளாயிற்றே. "அத்தை பாக்காம ஒரு கோடு போடுவாங்களாம்மா? புள்ளிய அவ்ளோ சரியா வரைஞ்சவங்க பேரை மட்டும் எப்படித் தப்பா எழுதுவாங்க? நீ பாக்குறியான்னு பாத்திருக்காங்க. நீ பாக்கல."

அத்தை என்றாள். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து உங்களை 'அவங்க' என்றும் 'அந்த வீடு' என்றும் சொல்லிக்கொண்டிருந்தவள். சொன்னது அவளுக்கே தெரிந்ததா என்று தெரியவில்லை. நானும் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் கையில் இருந்த பையைக் கீழே வைக்க மறந்து அப்படியே நின்றுகொண்டிருந்தேன்.

"நீதானே எழுதினா கஷ்டமா இருக்குன்னே" என்றேன்.

"எழுதாதேன்னு சொன்னேனா? கஷ்டமா இருக்குன்னு சொன்னேன். அது என்னோட கஷ்டம். கொஞ்ச நாள் இருக்கும், போகும். அதுக்காக நீ சண்டையே போடாம இப்படி ஒடுங்கிக் கிடந்தா, அதையும் சேத்து நான்தானே பாக்கணும்?"

அதன்பிறகுதான் உங்கள் கடிதத்தைப் படித்தேன். படித்து அழுதேன். இவ்வளவுதான், இதற்குமேல் இதைப்பற்றி எழுத மாட்டேன்.

இனி மற்ற தப்புகள். அந்தக் கிழட்டு நீலன் பட்டாணி நீலன் அல்ல. வெள்ளைப் பட்டை இல்லாததைப் பட்டாணி நீலன் என்று எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது? என் கையெழுத்தை அடித்துவிடுங்கள். உள்ளே போகக் கூடாது. வேறு நல்ல இறக்கையோடு ஒன்றைப் பார்க்கும்வரை நம் வட்டாரத்தில் அது இல்லை.

இன்னொரு தப்பு, இதுதான் பெரியது. யார் மேலும் பிழை இல்லை என்று எழுதினீர்கள். நான் சரி என்று எழுதினேன். அந்தச் சரியில்தான் எல்லாம் கெட்டது. அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் அந்தப் பொய்யின் மேல் எழுதியவை. பிழை உண்டு. உங்கள் மகன் மேல் உண்டு. மனதில் இருப்பதைச் சொல்லாமல் நாள்கணக்காக மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறவனோடு யாரால் இருக்க முடியும்? நீங்கள் அதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்ததில் எனக்கு உங்கள்மேல் கோபம் உண்டு. என் மகள் மேலும் பிழை உண்டு. அவள் நாக்கு என் நாக்கு, எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று தெரியாது. இதை நான் இப்படி எழுதியதற்கு நீங்கள் மறுப்பு எழுதுவீர்கள். எழுதுங்கள். பக்கம் பக்கமாக எழுதுங்கள். பதிலுக்கு நானும் எழுதுவேன். இனி பூச்சி மட்டும் வரும் கடிதம் கிடையாது, குடும்பமும் உள்ளே வந்து உட்காரட்டும்.

இப்போது விளிப்பு. சம்பந்தி என்று எழுதச் சட்டத்தில் இடமில்லை என்று நீங்கள் கவலைப்பட்டீர்கள். யோசித்துப் பார்த்தேன். என் மகள் உங்களை அத்தை என்கிறாள். அவளுக்கு அத்தை என்றால் என் வீட்டுக்காரருக்கு நீங்கள் கூடப்பிறந்தவள். அப்படியானால் எனக்கு நாத்தனார். நாத்தனாரும் அண்ணியும் அடித்துக்கொள்வது ஊர் உலகத்தில் உள்ளதுதான், யாரும் கேட்க முடியாது. அதை எந்தக் கோர்ட்டாலும் பிரித்து வைக்கவும் முடியாது. என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "இந்த வயசுல எனக்கு ஒரு தங்கச்சியா? செலவு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார். நீங்கள் அவருக்கு மூத்தவர் என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், மரியாதையை மாற்றிக்கொள்கிறேன்.

செயலாளரிடம் படக்கட்டைக் கொடுக்காதீர்கள். இரண்டு நாள் தள்ளி வரச் சொல்லுங்கள். பருப்புக்கீரையில் முட்டை வைத்தவளை நான் என் கண்ணால் பார்க்காமல் இனி எதிலும் கையெழுத்துப் போடமாட்டேன். வருகிற ஞாயிறு காலைப் பேருந்தில் வருகிறேன். மகள் வரமாட்டாள், நீங்களும் கேட்க வேண்டாம். ஆனால் என்னைப் பேருந்து ஏற்றிவிட அவள் வருகிறாளாம். பூதக்கண்ணாடியை மறந்துவிடப் போகிறேன் என்று இப்போதே என் பையில் எடுத்து வைத்துவிட்டாள்.

என்னை அழைக்க நீங்கள் நிலையத்துக்கு வர வேண்டாம். குழாயடியிலேயே இருங்கள். யாரும் அந்தக் கீரையைப் பிடுங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அண்ணி,
எடைமேடைக்காரி